முதுமையும் கலையும்

சிங்கப்பூரில் 2030-ஆம் ஆண்டளவில் குடிமக்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவராயிருப்பார் எனக் கணித்துள்ளனர். முதியோர் பெருகப் பெருக, அவர்களைப் பேணுவோரின் சுமையும் பெருகும். இவ்விரு சாரார்க்கும் கலை எவ்வாறு துணையாகும் என்பது ஆராயத்தக்கது.

தேசியக் கலைகள் மன்றம் 2012-இல் முதியோர் கலை விழாவைத் தொடங்கியது. ஸ்டாம்ஃபர்டு சாலையிலுள்ள தேசிய அரும்பொருளகம், மறதிநோயுற்றோரையும் கருத்திற்கொண்டு, முதியோர்க்கென 'ரீயூனியன்' என்னும் கூடத்தை 2023-இல் திறந்தது. இரண்டும் பாராட்டத்தக்கவை. ஆயினும், இத்தகு பணிகளை எந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது? வந்தோர் தொகையும் கைதட்டலும் போதா. வாய் பேசாதிருந்த மூதாட்டி ஓரடியேனும் பாடினாரா, உடன் வந்த மகளின் முகம் சற்றே தெளிந்ததா என்று நோக்குதல் வேண்டும்.

மறதிநோய் பெரும்பாலும் அண்மை நினைவையே முதலிற் கவர்கிறது. காலையில் உண்டதை மறந்தவர், இளமையிற் பயின்ற பாட்டை அடிபிறழாது பாடுவதுண்டு. கேட்ட பாடத்தினும் வாய்விட்டுப் பாடிய பாடம் நிலைக்கும் என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். அந்த இளமைப் பாட்டு எம்மொழியில் அமைந்ததோ அம்மொழியிலேயே முதியவரை அழைக்க வேண்டும். தாலாட்டும் கும்மியும் கேட்டு வளர்ந்தவர்க்கு ஆங்கிலப் பாட்டு எங்ஙனம் திறவுகோலாகும்?

கலை நோயைத் தீர்க்குமா என வினவுவர். தீர்க்கும் என்பார் எவருமிலர். ஆனால், உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, நலம் பேணுவதிலும் நோயைச் சமாளிப்பதிலும் கலைக்குப் பங்குண்டு என்று எடுத்துரைத்தது.

இங்கு மற்றொரு சிக்கலும் உண்டு. பல வீடுகளில் முதியோரைப் பேணுவோர் இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், மியன்மார் நாட்டுப் பணிப்பெண்கள். அவர்களுட் பலர் தமிழறியார். எனினும், கும்மிக்குக் கை தட்டவும் மல்லிகை தொடுக்கவும் மொழி தடையாகாது. பாட்டியிடம் பூத்தொடுக்கக் கற்கும் பணிப்பெண்ணுக்கு அவர் அப்பொழுதேனும் ஆசானாகிறார். ஏவலைக் கேட்டே நாளைக் கழிப்பவர்க்கு அது சிறு பெருமையன்று.

இதற்கேற்ற இடம் சிராங்கூன் வட்டாரமே. பூக்கடையும் மளிகைக்கடையும் சூழ்ந்த கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் 2015 முதல் இயங்கி வருகிறது. அங்கே வாரம் ஒரு பொழுது, முதியோரும் பேணுவோரும் சேர்ந்து பாடவும் பூத்தொடுக்கவும் தமிழில் ஏற்பாடு செய்யலாம். வீட்டில் ஒலி 96.8 வானொலி பழம்பாடல் தருகிறது, நன்றே. ஆனால் கேட்பதற்கு ஒருவர் போதும். சேர்ந்து பாட இருவர் வேண்டும். அந்த இரண்டாமவரை உண்டாக்கும் முயற்சியில் தமிழ் அமைப்புகள் முனைதல் வேண்டும்.