'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலும் வடசென்னையும்

'இறைவா உமக்கே புகழ்' என்பது திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் குறித்து வெளியிட்ட சுற்றுமடலாகும். 'லௌதாத்தோ சி' என்னும் மூலப் பெயர் அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. 6 இயல்களும் 246 பத்திகளும் கொண்டது. பூமியின் துயரையும் ஏழைகளின் துயரையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது இதன் மையக் கருத்து.

இந்நூலில் இருவகை அறம் பேசப்படுகிறது. 211ஆம் பத்தி தனிமனிதருக்கு உரியது: நெகிழியைத் தவிர்த்தல், தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடல், மரம் நடுதல், தேவையற்ற விளக்குகளை அணைத்தல். 51ஆம் பத்தி 'சூழலியல் கடன்' பற்றியது. செல்வந்த வடநாடுகள் ஏழைத் தென்னாடுகளுக்குக் கடன்பட்டுள்ளன என்கிறது. பங்குகளில் எளிதாகப் பரவியது முதல் வகையே. மரக்கன்று நடுவதால் எவரும் முகம் சுளிப்பதில்லை அல்லவா!

சென்னையில் இந்தத் திசைகள் தலைகீழாகின்றன. இங்கே கடன்பட்டது தெற்கு. கடன் கொடுத்தது வடக்கு. அத்திப்பட்டு, வள்ளூர் அனல்மின் நிலையங்களின் மின்சாரம் நகரெங்கும் பகிரப்படுகிறது. சாம்பல் மட்டும் எண்ணூர்க் கழிமுகத்தில் தங்குகிறது. 2017 சனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதியதால் பரவிய எண்ணெயை மக்கள் வாளிகளால் அள்ளினர். 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தில் படிந்தது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. கைகளால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களிடம் விளக்கை அணைக்கச் சொல்வதில் என்ன பொருள்?

இராயபுரம் என்ற பெயர் இராயப்பரிடமிருந்து, அதாவது பேதுருவிடமிருந்து வந்தது என்பர். அங்குள்ள புனித இராயப்பர் தேவாலயத்தைக் கட்டியவர்களும் படகோட்டிச் சமூகத்தாரே. மீனவரான திருத்தூதரைப் போற்றும் கடற்கரையில், மீனவரின் இழப்பு தருமக் கணக்கில் எழுதப்படுவது முறையன்று. லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் வரித்தண்டுவோர் தலைவரான சக்கேயு, ஏய்த்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வருகிறார். ஏழைகளுக்குப் பாதிச் சொத்தைக் கொடுப்பதை அவர் தனியாகவே குறிப்பிடுகிறார். ஈகை வேறு, ஈடு வேறு என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் விவிலியப் பகுதி அரிது. கசிவுக்குப் பின் வழங்கப்படும் நிவாரணம் பெரும்பாலும் முதல் வகையாகவே பேசப்படுகிறது; ஆற்றின் அடிச்சேறு தூய்மையாகும்வரை தொடர்வதே இரண்டாவது.

சுற்றுமடலில் இதற்கு இடமில்லை எனக் கூற இயலாது. திட்டங்களின் சூழல் தாக்க மதிப்பீட்டில் உள்ளூர் மக்களுக்குத் தனி இடம் வேண்டும் என 183ஆம் பத்தி வற்புறுத்துகிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் எதிர்த்து வரும் நிலையில், இப்பத்தி நேரடியாக அவர்களைப் பற்றியதே. மறைக்கல்வி வகுப்புகளில் 211ஐக் கற்பிக்கும்போது 51ஐயும் 183ஐயும் சேர்த்தே கற்பிக்கலாம். மூன்றும் சேர்ந்து இரண்டு பக்கங்களுக்கு மேல் வராது.