பெயரற்ற சார்பும் பெயர்பெற்ற முறையும்: ஒரு விமர்சன நோக்கு

செய்நிரலாக்கத்தில் லம்டா எனப்படும் பெயரற்ற சார்பு, அலன்சோ சேர்ச் 1930களில் வகுத்த லம்டா நுண்கணிதத்தினின்று பிறந்தது. ஜோன் மக்கார்த்தி, லிஸ்ப் மொழி பற்றி 1960இல் வெளியிட்ட கட்டுரையில் அக்குறியீட்டைக் கையாண்டார். தன்னைத் தானே மீள அழைக்கும் சார்புக்கு அது மட்டும் போதாதெனக் கருதி, பெயரிடும் குறியீடொன்றையும் அவர் உடன்சேர்த்தமை மனங்கொள்ளத்தக்கது.

சுருக்கமே சிறப்பு என்னும் நோக்கு இன்று பரவலாக உள்ளது. நூலகச் செய்நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘தவணை கடந்தும் திரும்பாத நூல்’ என்னும் நிபந்தனை மூன்றிடங்களில் லம்டாவாக எழுதப்பட்டிருப்பின், விதி மாறும்போது மூன்றையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்று விடுபடின், ஒரே நூலகத்தில் இருவேறு விதிகள் ஆட்சி செய்யும். தண்டப்பணம் செலுத்துவோன் வாசகனே. அந்நிபந்தனையைப் பெயர்பெற்ற முறையாக்கின், விதி ஓரிடத்தில் நிலைபெறும். தனித்துச் சோதிக்கவும் இயலும்.

லம்டா தன் சூழலிலுள்ள மாறிகளை ஓசையின்றிப் பற்றிக்கொள்வது. அதனை வெளியே எடுக்கும்போது, இன்றைய திகதி, தவணை நாட்கள் என்பன பரமானங்களாக வெளிப்பட வேண்டியுள்ளன. இதனை இடர்ப்பாடு என்போர் உளர். மறைந்திருந்த தொடர்பு வெளிப்படுதலே இம்மாற்றத்தின் தலையாய பயன் என்பது எமது கருத்து.

ஆயினும், இதனை இயந்திரப் பாங்கிற் கைக்கொள்ளல் தவறு. 2007இல் வெளிவந்த சீ ஷார்ப் 3.0 மொழியில், லம்டா இயங்கும் சார்பாகவும் அமையலாம். ஆராயத்தக்க கோவை மரமாகவும் அமையலாம். தரவுத்தள வினவலில் அது கோவை மரமாகி எஸ்கியூஎல் மொழிக்குப் பெயர்க்கப்படுகிறது. அதனைச் சாதாரண முறையாக்கி வினவலுள் அழைப்பின், பெயர்ப்பி அம்முறையின் உள்ளே நோக்க இயலாது. என்டிட்டி பிரேம்வேர்க் கோரின் முந்திய பதிப்புகள், அத்தகைய வடிகட்டலைத் தரவுத்தளத்திற்கு வெளியே, தேவையற்ற பதிவுகளையும் வருவித்துச் செய்தன. 2019இல் வெளிவந்த 3.0 பதிப்பு முதல் அது பிழையாக அறிவிக்கப்படுகிறது. இங்கு பெயர் சூட்டப்பட வேண்டியது முறைக்கன்று, கோவைக்கே.

எனவே, ஒருமுறை மட்டும் பயன்படும், தலைப்பின்படி வரிசைப்படுத்தல் போன்ற சிறு லம்டாவுக்குப் பெயர் வேண்டியதில்லை. துறையின் விதியொன்றைத் தாங்கி நிற்பதற்கோ பெயர் இன்றியமையாதது. பெயர் பெறும்போதே ஒருவரின் அறிவு, பலரும் வாசிக்கவும் வினவவும் திருத்தவும் கூடிய பொதுச் சொத்தாகின்றது.