ஹார்மோன் உயர்ந்தால் வலி என்று பொருளா?

1987-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஐந்தே பக்கங்களில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. இந்தியாவில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டு சென்ற கே.ஜே.எஸ். ஆனந்த், சிப்பெல், ஏன்ஸ்லி-கிரீன் ஆகிய மூவரும் எழுதியது அது. பச்சிளங் குழந்தைக்கு அறுவை செய்யும்போது வலி மருந்து வேண்டும் என்னும் இன்றைய வழக்கத்துக்கு அடிக்கல் அதுவே என்பார்கள். அந்தப் புகழ் தகும். ஆயினும் அக்கட்டுரை காட்டியது எது, நாம் அதன்மேல் ஏற்றிச் சொல்வது எது என்று பிரித்தறிய வேண்டும்.

அக்காலத்து நிலையை முதலில் நினைவிற் கொள்ளுங்கள். பிறந்த குழந்தையின் நரம்பிழைகளுக்கு மயலின் உறை முற்றவில்லை, ஆதலால் வலி அதற்கு எட்டாது என்று பல மருத்துவர்கள் நம்பினர். வளர்ந்த மனிதரிடமும் வலியைக் கொண்டுசெல்லும் இழைகளிற் பெரும்பகுதி உறையற்றவையே என்பதை எப்படித்தான் மறந்தார்களோ! குறைமாதக் குழந்தைக்கு நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும், தசைகளை அசையவொட்டாமற் செய்யும் குராரே மருந்தும் கொடுத்து அறுவையை முடித்தனர். தசை செயலற்ற குழந்தை அழாது, நெளியாது. பிறகு அதன் துன்பத்தை எங்கே காண்பது?

இரத்தத்தில் காணலாம் என்றனர் இம்மூவரும். இதயத்தை ஒட்டி, பிறந்தபின் தானாக மூடிக்கொள்ள வேண்டிய ஒரு குழாய் மூடாமல் நின்றுவிட்ட குறைமாதக் குழந்தைகள் பதினாறு பேரை எடுத்துக்கொண்டனர். எல்லாருக்கும் வழக்கமான மருந்துகள். குலுக்கல் முறையில் எட்டுப் பேருக்கு மட்டும், எடையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வீதம், அபின் இனத்தைச் சேர்ந்த ஃபெண்டனில் கூடுதலாக. ஃபெண்டனில் பெறாத எண்மரிடம் அட்ரினலின், நார்அட்ரினலின், குளுக்ககான், அட்ரினல் சுரப்பியின் ஸ்டீராய்டுகள், இரத்தச் சர்க்கரை எல்லாம் மிகுதியாக ஏறின. அறுவைக்குப் பின் இரத்த ஓட்டச் சிக்கல்களும் அவர்களுக்கே நேர்ந்தன.

சான்று வலுவானது. ஆனால் ஹார்மோன் குறைந்ததால் வலி குறைந்தது என்று சொல்லலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும்.

அபின் ஏற்பிகள் 1973-இல் கண்டறியப்பட்டன. இவை வலிப் பாதையில் மட்டும் இல்லை; ஹைப்போதலாமஸிலும் உள்ளன. ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரினலைத் தூண்டுகிறது. இச்சங்கிலியின் தலைக் கண்ணியிலேயே மனிதரிடம் அபின் ஏற்பிகள் கடிவாளம் போட்டிருக்கின்றன. அவற்றை நலோக்சோன் என்ற மருந்தால் அடைத்தால், வலியே இல்லாதவரிடமும் கார்ட்டிசால் உயர்கிறது. ஆகவே ஃபெண்டனில் வலியைத் தணித்து ஹார்மோனைக் குறைத்திருக்கலாம். ஹைப்போதலாமஸை நேரே அடக்கியும் குறைத்திருக்கலாம். பதினாறு குழந்தைகளின் இரத்தம் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது.

எலிக்குஞ்சைப் பாருங்கள். பிறந்த நாலாம் நாளிலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரம்வரை அதன் அட்ரினல் சுரப்பி சிறு இன்னல்களுக்கு அசைந்து கொடுப்பதில்லை. தாயின் பாலும் நக்குதலுமே அதை அவ்வாறு அடக்கி வைக்கின்றன. தாயை ஒரு நாள் முழுதும் பிரித்தால் சுரப்பி விழித்துக்கொள்ளும். அந்த ‘உறங்கும்’ காலத்திலும், சிறிது நேரம் தாயைப் பிரிந்த குஞ்சு மனிதச் செவிக்கு எட்டாத குரலில் கத்துகிறது. மார்பின் கொடுத்தால் கத்தல் அடங்குகிறது. ஹார்மோன் பேசாதிருக்கையில் குஞ்சு கதறுகிறது! அப்படியானால் ஹார்மோன் அளவை மட்டும் துன்பமானியாகக் கொள்வது எப்படி? இன்னொரு வேடிக்கையும் உண்டு: வளர்ந்த எலிக்கு மார்பின் கொடுத்தால் அட்ரினல் ஸ்டீராய்டு உயர்கிறது, மனிதருக்கோ குறைகிறது. எலியிற் கண்டதை அப்படியே மனிதக் குழந்தைக்குச் சொல்லும் கட்டுரைகளைப் படிக்கும்போது இதை மறவாதீர்கள்.

எட்டுக் குழந்தைகளுக்கு ஃபெண்டனில் மறுத்தது முறையா என்று கேட்பவர் உண்டு. அன்று மருத்துவமனைகள் பலவற்றில் எல்லாக் குழந்தைகளுக்கும் நடந்ததே அது. ஒப்பிட்டுக் காட்டாமல் அவ்வழக்கத்தை அசைத்திருக்க முடியாது என்பது என் எண்ணம். ஆசிரியர்களும் அளந்தே பேசினர்: ஃபெண்டனில் கொடுப்பது அறுவைக்குப் பிந்திய நலத்துக்கு உதவக்கூடும் என்றே முடித்தனர். அந்த ‘கூடும்’ என்பதைக் கைவிட்டவர்கள் பின்வந்தவர்களே.

கைவிட்டதன் விளைவு 2004-இல் தெரிந்தது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த 898 குறைமாதக் குழந்தைகளிற் பாதிப்பேருக்கு மார்பினைத் தொடர்ந்து செலுத்தி, பாதிப்பேருக்கு வெற்றுத் திரவம் கொடுத்துப் பதினாறு மருத்துவ மையங்களில் சோதித்தனர். மார்பின் பெற்றோரில் இறப்பு 13 சதவீதம், பெறாதோரில் 11. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது. ஆனால் எதிர்பார்த்த பாதுகாப்பு மட்டும் கிட்டவில்லை. மார்பின் பெற்றவர்களுக்கு இரத்த அழுத்தத் தாழ்வும் கூடுதலாக நேர்ந்தது. கத்திபட்ட எட்டுக் குழந்தைகளிடம் கண்ட பயனைக் கருவியில் நாட்கணக்காகக் கிடக்கும் குழந்தைகளுக்கு நீட்டிச் சொல்ல 1987-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இடமில்லை. அவ்வாறு நீட்டலாமா என்று சோதித்து, விரும்பாத விடையையும் மறைக்காது வெளியிட்ட குழுவின் தலைவர் அதே ஆனந்த்தான்.