செல்லம்மாளின் மரணமும் நகரைப் பற்றிய நமது பிரசங்கங்களும்

பெருநகரில் நெடுங்காலம் வாழ்வோர் ஆண்டுகள் செல்லச் செல்ல மகிழ்ச்சியை இழந்துவிடுகின்றனரா என்பது நமது பிரசங்க பீடங்களில் ஒரு வினாவாக எழுவதில்லை. முடிந்த முடிபாகவே ஒலிக்கின்றது. திருவேங்கடம் வட்டாரத்துச் சிற்றூர் ஆலயங்களில் அறுப்பின் பண்டிகை நாளன்று இதனைப் பன்முறை கேட்டிருக்கின்றோம். நாமே பேசியும் இருக்கின்றோம். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஊர் வந்திருப்போர் முன்வரிசையில் அமர்ந்திருப்பர். நகரத்தின் இரைச்சலையும், பக்கத்து வீட்டார் பெயர் அறியாத அதன் தன்மையையும் போதகர் எடுத்துரைப்பார். அவர்களும் தலையசைத்துக் கேட்பர். மறுநாள் மாலையே சங்கரன்கோவிலில் பொதிகை விரைவுவண்டி ஏறிவிடுவர். அவர்கள் தலையசைத்தது பொய்யா, பயணச்சீட்டு வாங்கியது பொய்யா என்று நாம் நெடுநாள் எண்ணியதுண்டு.

இத்தகைய பிரசங்கங்களுக்கு நமது மாணவர் விரும்பி எடுத்தாளும் இலக்கியச் சான்று புதுமைப்பித்தன் (1906–1948) எழுதிய 'செல்லம்மாள்' என்னும் சிறுகதையாகும். பிழைப்பை நாடிச் சென்னைக்கு வந்து ஜவுளிக்கடையொன்றில் பணியாற்றுகிறார் பிரமநாயகம் பிள்ளை. அவருடைய மனைவி செல்லம்மாள் தீராத நோயாளி. ஊருக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்னும் ஆசை அவ்வீட்டில் எழுவதும் அடங்குவதுமாக இருக்கின்றது. இறுதியில், உற்றார் அனைவரும் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருக்க, கணவர் ஒருவர் மட்டும் அருகிருக்க, அவள் உயிர் பிரிகின்றது. கதை அம்மரணத்தில் தொடங்கிப் பின்னோக்கிச் சென்று மீண்டும் அதனிடமே வந்து சேர்கின்றது. இதனை வாசித்த மாணவர், "நகரம் அவளைக் கொன்றது" என்று எழுதுகின்றனர்.

கதையில் அவ்வாறு இல்லை என்பது நமது துணிபு. பிள்ளையவர்களை நசுக்குவது போதாத சம்பளமும், முதலாளியின் தயவை எதிர்நோக்கும் நிலையும், குறைந்த வாடகையை நாடி நகரின் ஓரத்திற்கு ஒதுங்கிய குடியிருப்புமே. இவை கூலியின் கொடுமைகள். எந்த ஊரிலும் இவை உண்டு. மற்றொன்றையும் நம் மாணவர் காணத் தவறுகின்றனர். அடுப்பு மூட்டிச் சமைப்பதும், மருந்து கொடுப்பதும், மயங்கியவளைத் தெளிவிப்பதும் அந்தக் கணவரே. மாமியாரும் நாத்தனாரும் நிறைந்த ஊர் வீடொன்றில் ஓர் ஆடவன் தன் மனைவிக்கு இவ்விதம் தொண்டு செய்ய விடப்பட்டிருப்பானா? ஊரார் நகைப்புக்கு அஞ்சாதிருந்திருப்பானா? தமிழ்ச் சிறுகதையில் கணவன் மனைவியரிடையே இத்துணைப் பரிவைக் காட்டும் படைப்புகள் மிகச் சில. அப்பரிவுக்கு இடம் தந்தது அவர்களைத் தின்றுகொண்டிருந்த அதே தனிமைதான். புதுமைப்பித்தன் இரண்டையும் ஒருங்கே வைத்தார். நாம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பீடம் ஏறுகின்றோம்.

காலம் செய்யும் கேடு ஒன்று இக்கதையில் இல்லாமல் இல்லை. அது நகரில் வாழ்வதனால் வருவதன்று. நகரில் முழுமனத்தோடு வாழாமல், ஊருக்குத் திரும்பவும் இயலாமல், அடுத்த பொங்கலுக்கு, அதற்கடுத்த பொங்கலுக்கு என்று வாழ்வையே ஒத்திவைப்பதனால் வருவது. பத்தாண்டுக் காலம் வாடகை வீட்டின் சுவரில் ஓர் ஆணியும் அடிக்காமல் இருந்த குடும்பங்களை நாம் அறிவோம். "எப்படியும் ஊருக்குப் போகப் போகிறோம்" என்பர்.

அவருடைய 'மகாமசானம்' இன்னும் கடுமையானது. சென்னையின் பெருஞ்சாலையோரத்தில் ஒரு பிச்சைக்காரர் இறந்துகொண்டிருக்கிறார். கூட்டம் தன் வழியே நகர்கின்றது. நின்று பார்ப்பது ஒரு குழந்தை மட்டுமே. அங்கும் இறப்பவர் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார்: மற்றொரு பிச்சைக்காரர். நல்ல சமாரியன் உவமையை ஆண்டுதோறும் விளக்கும் நாம், இக்கதையில் அந்த இரண்டாமவரைக் குறித்து ஒரு சொல்லும் கூறாமல் கடந்துபோவது வியப்பே.

இனி, சிற்றூரில் நிகழும் ஒரு மரணத்தையும் உடன் வைத்துப் பார்ப்போம். வண்ணநிலவனின் 'எஸ்தர்' கிறிஸ்தவக் குடும்பமொன்றின் கதை. மழை பொய்த்து, ஊரே காலியாகிக்கொண்டிருக்கும்போது அக்குடும்பமும் புறப்பட ஆயத்தமாகின்றது. நடக்க இயலாத முதிய பாட்டியை என்ன செய்வது என்பதே சிக்கல். பாட்டி இறந்துபோகிறாள், எவர் கையால் என்பதை ஆசிரியர் உரக்கச் சொல்லவில்லை, வாசகர் உணர்ந்துகொள்கின்றனர். செல்லம்மாள் பட்டணத்தில் கணவரின் பரிவில் இறந்தாள். இப்பாட்டியோ சொந்த ஊரில், சொந்த வீட்டில், உற்றார் நடுவில் மாண்டாள். இவ்விரண்டையும் ஒருசேர வாசித்தவர் நகரையும் சிற்றூரையும் முறையே துயரத்திற்கும் இன்பத்திற்கும் பெயராக்க இயலாது. ஆயினும் நமது பாடத்திட்டங்களில் முன்னதைச் சுட்டுவோர் பலர், பின்னதைச் சுட்டுவோர் அரியர். கதைமாந்தர் நம்மவர் என்பதனால் வரும் கூச்சமோ என ஐயுறுகின்றோம்.

குற்றாலச் சாரலைக் காட்டிச் சிற்றூர் வாழ்வைப் புகழ்வோர், அதே தென்காசி மாவட்டத்தில் அச்சாரல் எட்டாத கரிசல் நிலத்தை நினைப்பதில்லை. 2019-ஆம் ஆண்டு மாவட்டம் பிரிந்தபோது அதனுள் வந்த திருவேங்கடம் வட்டம் மானாவாரிப் பருத்தியையும் சோளத்தையும் நம்பிய பூமி. மழை தவறிய ஆண்டில் தீப்பெட்டி ஒட்டுவது அல்லது வண்டி ஏறுவது என்பதே வழி. பசி மட்டுமே மக்களை வெளியேற்றியதென்றும் சொல்வதற்கில்லை. இவ்வட்டாரத்துக் குறிஞ்சாக்குளத்தில் 1992-ஆம் ஆண்டு, அம்மன் வழிபாடு பற்றிய பகையில் ஒடுக்கப்பட்ட மக்கள் நால்வர் கொல்லப்பட்டனர். அவ்வூர்களில் எல்லாரும் எல்லாரையும் அறிவர் என்பது உண்மையே; அவ்வறிவு எதற்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் போற்ற மறுத்தது இதனை அறிந்தே.

காயீன்தான் முதல் நகரைக் கட்டினான் என்று ஆதியாகமத்தை (4:17) எடுத்துக்காட்டுவது நம்மிடையே வழக்கம். பிரெஞ்சு அறிஞர் ஷாக் எல்யூல் நகரைப் பற்றிய தமது நூலில் இவ்வசனத்திலிருந்தே தொடங்கி, நகரம் கடவுளின் காவலை மறுத்து மனிதன் தனக்குத் தேடிக்கொண்ட காவல் என்று வாதித்தார். கடவுள் இறுதியில் அந்நகரையே ஏற்றுக்கொள்கிறார் என்பதும் அவர் வாதத்தின் பகுதி என்பதை நமது பிரசங்கிமார் விட்டுவிடுகின்றனர். அது இருக்கட்டும். ஆபேலின் இரத்தம் சிந்தப்பட்டது எங்கே? வயல்வெளியில் (4:8). அப்போது உலகில் நகரம் என்று ஒன்று எழுந்திருக்கவில்லை. இதற்கு மறுகோடியில் ஹார்வி காக்ஸ் 1965-இல் வெளியிட்ட நூலில், நகரில் ஒருவரையொருவர் அறியாதிருப்பதே விடுதலை என்று வரவேற்றார். அமெரிக்கப் பேராசிரியரின் நம்பிக்கை மிகையென்று அந்நாளில் நம் வகுப்புகளில் எளிதில் ஒதுக்கிவிட்டோம். ஊர்க்கண்ணின் பாரத்தை அறிந்தவர் வகுப்பில் இருந்திருந்தால் அவ்வளவு எளிதில் ஒதுக்கியிருக்க மாட்டோம்.

கணக்கெடுப்புகள் கூறுவதையும் புறக்கணித்தல் ஆகாது. 2020-ஆம் ஆண்டு உலக மகிழ்ச்சி அறிக்கையின்படி, உலகளவில் நகரவாசிகள் தம் வாழ்வைச் சிற்றூராரைவிடச் சற்று உயர்வாகவே மதிப்பிடுகின்றனர். செல்வமிக்க மேலை நாடுகள் சிலவற்றில் மட்டும் அவ்வேறுபாடு மறைகின்றது அல்லது தலைகீழாகின்றது. எனினும் இத்தகைய கணக்குகள் ஒரே மனிதரை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து எடுக்கப்பட்டவை அல்ல. தாங்க இயலாதவர் முன்பே ஊர் திரும்பியிருப்பர், எஞ்சியோரைத்தான் எண்ணுகின்றோம். ஆகவே, நகரம் காலப்போக்கில் துயர் தருகிறதா என்பதற்கு இவற்றில் நேரான விடை இல்லை. 2020 மார்ச் ஊரடங்கில் நடந்தே ஊர் சென்றவர்களைச் சான்று காட்டுவோர், அவர்களுள் பலர் மீண்டும் அதே நகரங்களுக்குத் திரும்பியதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் நமது சேகரத்துச் சபையொன்றிலிருந்து ஒரு குடும்பம் சென்னைக்குப் புறப்பட்டது. மாற்றுச் சான்று எழுதிக் கொடுத்து, குடும்பப் பதிவேட்டில் அவர்கள் பெயர்களைச் சிவப்பு மையால் அடித்தோம். பின்னர் ஒரு கூட்டத்திற்காகச் சென்னை சென்றபோது அவர்கள் வீட்டைத் தேடிக் கண்டோம். கணவர் நோயுற்றுப் பத்தொன்பது நாள் மருத்துவமனையில் கிடந்ததையும், அவர்கள் சேர்ந்திருந்த நகரத்துச் சபையிலிருந்து ஒருவரும் வந்து பாராததையும் அந்த அம்மையார் கூறினார். நாம் மனம் வருந்தி, "ஊருக்கே வந்துவிடலாமே, தாயி" என்றோம்.

"எதுக்கு ஐயா? இங்க யாரும் என்னை எந்தத் தெருன்னு கேக்கிறதில்லை" என்றார்.

சற்றுப் பொறுத்து, சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டே, தம் குடும்பத்தின் பெயர் ஊர்ச் சபையின் பதிவேட்டில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றோம். பார்க்க வேண்டிய தேவை நமக்கு இருக்கவில்லை.