எஸ்எஸ்டி-க்கு மூன்று வரி வைத்தியம்

லினக்ஸ் ஓடும் பெட்டியில் எஸ்எஸ்டி மாட்டியவர்கள் எல்லோரும் என்றாவது ஒரு நாள் இந்தக் குறிப்பைப் படித்திருப்பார்கள். ஷட்டவுன் கொடுத்தால் ஏதோ ஒரு "ஸ்டாப் ஜாப்" ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்லி ஒன்றரை நிமிடம் நிற்கிறதா? சிஸ்டம்டி அமைப்பில் 90 நொடியை 5 நொடியாக்கு. டிரைவ் மெதுவாக இருக்கிறதா? எஃப்எஸ்டேப் கோப்பில் 'நோபேரியர்' என்று சேர். டிரைவ் தேய்ந்துவிடும் என்று பயமா? ஜர்னலைக் கழற்றிவிடு. மூன்று நோய், மூன்று வரி, முடிந்தது வைத்தியம்.

முதல் இரண்டையும் நான் செய்தேன். மூன்றாவதைச் செய்யாததற்குக் காரணம் அறிவு இல்லை, சோம்பல்தான்.

என்னுடையது டெஸ்க்டாப். ஒரு நாள் ராத்திரி கரண்ட் போனது, யூபிஎஸ் தாங்கவில்லை. மறுபடி ஆன் செய்தால் டெஸ்க்டாப் வரவில்லை. இனிட்ராம்எஃப்எஸ் ப்ராம்ப்டில் வந்து நின்றது. நீயே கையால் எஃப்எஸ்சிகே ஓட்டு என்றது. ஓட்டினேன், கேட்ட கேள்விக்கெல்லாம் 'எஸ்' போட்டேன். பெட்டி எழுந்தது. ஆனால் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' ஃபோல்டரில் பெயரில்லாமல் வெறும் எண்களோடு ஒரு குவியல் கோப்புகள். என் குறிப்புகளை கிட்-இல்தான் வைத்திருந்தேன், அதனால் பத்திரம் என்ற நினைப்பு. போய்ப் பார்த்தால் கடைசிப் பதினோரு நாள் கமிட்டுகளின் ஆப்ஜெக்ட் கோப்புகள் பல பூஜ்ஜியம் பைட். பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. பேக்கப் அதற்கும் முந்தைய வாரத்தது.

எஸ்எஸ்டி மட்டம் என்று முடிவு கட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. புதிதாக என்விஎம்ஈ டிரைவ் ஒன்று வாங்கி, பழையதை அப்படியே குளோன் செய்து மாட்டினேன். அடுத்த பவர்கட்டில் அதே கதை. அப்போதுதான் உறைத்தது: டிரைவை மாற்றினேனே தவிர, குளோனோடு சேர்ந்து அந்த எஃப்எஸ்டேப் வரியும் புது டிரைவுக்கு வந்துவிட்டிருந்தது.

அதன் பிறகுதான் 'பேரியர்' என்றால் என்ன என்று ஒழுங்காகப் படித்தேன். நம் ஊர் மளிகைக்கடைக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைய வரவு செலவை முதலில் சிட்டையில் குறிப்பார்கள். பிறகு நிதானமாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். நடுவில் விளக்கு அணைந்தால் பரவாயில்லை, சிட்டையைப் பார்த்து மீதியை ஏற்றிக்கொள்ளலாம். இஎக்ஸ்டி4-இன் ஜர்னல் அந்தச் சிட்டைதான். இந்த ஏற்பாடு பலிக்க ஒரே நிபந்தனை: சிட்டை நிஜமாகவே முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். டிரைவுக்குள் ஒரு கேஷ் இருக்கிறது. வந்த எழுத்துகளை அது தன் வசதிப்படி முன்பின்னாக மாற்றி இறக்கும். 'இதுவரை கொடுத்ததையெல்லாம் ஃபிளாஷில் இறக்கிவிட்டு வா, பிறகுதான் அடுத்தது' என்று கர்னல் அவ்வப்போது சொல்லும் ஃப்ளஷ் கட்டளைதான் பேரியர். 'நோபேரியர்' போட்டால் அந்தக் கட்டளை போகாது. வேகம் கூடும்தான், பொய்யில்லை. ஆனால் பேரேட்டில் பாதி ஏறி, சிட்டை வெறுமையாக இருக்கும் நிலைமையும் வரும். ஜர்னல் இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும்தான் நம்மிடம் மிச்சம்.

இந்த அறிவுரை வானத்திலிருந்து குதித்ததல்ல என்பதையும் சொல்லவேண்டும். சர்வர்களில் பேட்டரி வைத்த ரெய்டு கன்ட்ரோலர்கள் உண்டு. கரண்ட் போனாலும் அவற்றின் கேஷில் இருப்பது அழியாது. அங்கே ஃப்ளஷ் வீண் வேலை, அதை நிறுத்தச் சொன்னது நியாயம். நிபந்தனையை விட்டுவிட்டு வரியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுப் பெட்டியில் ஒட்டினார்களே, அதுதான் என் குறை. நாம் வாங்கும் சாதாரண எஸ்எஸ்டி பெரும்பாலானவற்றில் கரண்ட் போன பிறகும் கேஷைக் காப்பாற்றும் கெப்பாசிட்டர் வரிசை கிடையாது. அது சர்வர் ரகங்களில்தான். எக்ஸ்எஃப்எஸ் உருவாக்குநர்கள் இந்த ஆப்ஷனையே 2018-இல் கர்னல் 4.19-இல் நீக்கிவிட்டார்கள். இன்றும் அந்தக் குறிப்பை நம்பி எக்ஸ்எஃப்எஸ்-இல் போட்டால் மவுண்ட்டே ஆகாது. அதுவும் நல்லதற்குத்தான்.

கரண்ட் போவதை எஸ்எஸ்டி எப்படித் தாங்குகிறது என்று 2013-இல் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்பி ஆய்வகமும் சேர்ந்து சோதித்தார்கள். ஐந்து நிறுவனங்களின் 15 டிரைவ்களை எடுத்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைத் திரும்பத் திரும்பத் துண்டித்தார்கள். 13 டிரைவ்களில் ஏதாவதொரு கோளாறு. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஹார்டு டிஸ்கில் கரண்ட் போனால் அப்போது எழுதிக்கொண்டிருந்தது போகும், அவ்வளவுதான். எஸ்எஸ்டி-யில் எந்த பிளாக் எந்த ஃபிளாஷ் பக்கத்தில் இருக்கிறது என்ற வரைபடத்தை டிரைவே பராமரிக்கிறது. அந்த வரைபடம் குலைந்தால் போன மாதம் எழுதியதும் போகலாம். ஒரே செல்லில் இரண்டு மூன்று பிட்களை வைக்கும் ஃபிளாஷில், புதிய பக்கத்தை எழுதும்போது கரண்ட் போனால், அதே செல்களில் ஏற்கெனவே எழுதி முடித்த பழைய பக்கமும் கெடலாம். நான் முதல் டிரைவின் மேல் போட்ட பழியில் கொஞ்சம் உண்மையும் இருந்திருக்கலாம். ஆனால் ஃப்ளஷ் செய்யாதே என்று சொன்னவன் நான். பிறகு அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

தேய்மானப் பயத்துக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 500 ஜிபி டிரைவுக்கு 300 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் என்பது சாதாரணமாகப் பார்க்கும் எண். தினம் 10 ஜிபி எழுதினாலும் 30,000 நாள், அதாவது 82 வருஷம். டிரைவுக்குள் நடக்கும் கூடுதல் எழுத்துக்காக அதை நான்கால் வகுத்தாலும் இருபது வருஷம். 'நோஏடைம்' போடச் சொல்வதும் இந்த ரகம்தான். 2009-இலிருந்தே கர்னலில் 'ரெல்ஏடைம்' இயல்பாக இருப்பதால் லாபம் சொற்பம். அதில் கெடுதலும் இல்லை, போட்டுக்கொள்ளுங்கள். ஜர்னலைக் கழற்றுவது மட்டும் வேண்டாம்.

அந்த 90 நொடிக்கு வருவோம். இதில் எனக்கு இரண்டு பக்கத்தின் மேலும் கோபம். ஷட்டவுனில் சிஸ்டம்டி ஒவ்வொரு சர்வீஸிடமும் 'முடித்துக்கொள்' என்று மரியாதையாகச் சொல்லிக் காத்திருக்கிறது. 90 நொடி என்பது காத்திருக்கும் உச்ச வரம்பு, தாண்டினால் கொலை. அதை 5 நொடியாக்கினால் நோய் போகாது, நோயாளி சீக்கிரம் போவார். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்பதும் உண்மை: போஸ்ட்கிரெஸ் மாதிரியான டேட்டாபேஸ்கள் கொல்லப்பட்டாலும் எழுந்துகொள்ளும்படி கட்டப்பட்டவை. ஆனால் விர்ச்சுவல் மெஷின் ஒன்றை சர்வீஸாக ஓட்டுபவருக்கு அந்தக் கொலை என்பது உள்ளே இருக்கும் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்குவது. ஃபெடோராவில் இதை 15 நொடியாக்க யோசனை வந்து, விவாதமாகி, கடைசியில் 38-ஆம் பதிப்பில் 45 நொடியில் நின்றது. யோசித்துக் குறைத்தார்கள், அது வேறு.

மறுபக்கம், சிஸ்டம்டி காட்டும் செய்தியும் லட்சணமாக இல்லை. யார் தாமதிக்கிறார் என்று சொல்கிறது, ஏன் என்று சொல்வதில்லை. "யூசர் மேனேஜர் ஃபார் யூஐடி 1000" என்று திரையில் பார்த்தால் ஒரு சாதாரண மனிதர் என்ன செய்வார்? பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பார். காரணத்தைத் தேட வழி இருக்கிறது: சிஸ்டம்டி-யின் 'டிபக் ஷெல்' சர்வீஸை முன்கூட்டியே இயக்கிவைத்தால், ஷட்டவுன் தொங்கும்போது கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்9 அழுத்தி ரூட் ஷெல்லுக்குப் போகலாம். எந்த ஜாப் காத்திருக்கிறது, அதற்குள் எந்த புராசஸ் உயிரோடு இருக்கிறது என்று அங்கே தெரியும். (பாஸ்வேர்டு கேட்காத ரூட் ஷெல் அது, வேலை முடிந்ததும் மறக்காமல் நிறுத்திவிடுங்கள்.) என் பெட்டியில் குற்றவாளி ஒரு என்எஃப்எஸ் மவுண்ட். நெட்வொர்க் போன பிறகு அதைக் கழற்ற முயன்று தவித்துக்கொண்டிருந்தது. எஸ்எஸ்டி-க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மவுண்ட் ஆப்ஷனில் அது நெட்வொர்க் சாதனம் என்று சொன்னதும் ஷட்டவுன் நான்கு நொடிக்கு வந்தது. 90 அப்படியே இருக்கிறது.

தொங்கினால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு பிரபல மந்திரம் உண்டு: ஆல்ட்டும் சிஸ்ரெக்யூவும் பிடித்துக்கொண்டு ஆர், ஈ, ஐ, எஸ், யூ, பி என்று வரிசையாக அழுத்தச் சொல்வார்கள். உபுண்டுவில் இந்த வசதியின் இயல்பான மதிப்பு 176. அதாவது 128, 32, 16: ரீபூட், ரீட்-ஒன்லி மவுண்ட், சிங்க். கடைசி மூன்று எழுத்துதான் வேலை செய்யும். முதல் மூன்றுக்கும் அனுமதியே இல்லை. மந்திரம் சொல்பவர்களில் எத்தனை பேர் இதைப் பார்த்தார்கள்? ஆனாலும் பவர் பட்டனைப் பிடிப்பதைவிட எஸ், யூ, பி எவ்வளவோ மேல்.

ஷட்டவுன் ஒழுங்காக முடிந்தது என்று திரை சொன்னால் டிரைவும் ஒப்புக்கொள்ளுமா? இதுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்த இடம். 2017 ஏப்ரலில் டெபியன் உருவாக்குநர் ஒருவர் கர்னல் குழுவிடம் ஒரு விஷயத்தைக் கொண்டுவந்தார். சாட்டா எஸ்எஸ்டி-களில் எதிர்பாராத மின்னிழப்பு எத்தனை முறை என்று எண்ணும் ஒரு ஸ்மார்ட் கவுண்டர் உண்டு. முறையாக ஷட்டவுன் செய்த பிறகும் சில டிரைவ்களில் அது ஏறுகிறது என்றார். கர்னல் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்கிறது: கேஷை இறக்கு என்கிறது, 'ஸ்டேண்ட்பை இமீடியட்' கொடுக்கிறது, டிரைவ் சரி என்றதும் மின்சாரத்தை நிறுத்துகிறது. அந்தச் சரிக்கும் நிறுத்தத்துக்கும் நடுவில் சில டிரைவ்களுக்கு இன்னும் கொஞ்ச அவகாசம் தேவைப்பட்டது. அவர் வைத்த யோசனை ஒரு நொடி காத்திருப்பது. வேகக் குறிப்பு எழுதுபவர்கள் நொடி நொடியாகச் சுரண்டிக்கொண்டிருக்க, டிரைவைக் கவனித்தவர் ஒரு நொடி கூட்டச் சொன்னார். என்விஎம்ஈ-யில் இந்தக் கைகுலுக்கல் தெளிவாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. ஷட்டவுன் என்று கன்ட்ரோலரிடம் சொன்னால், அது 'நடக்கிறது', 'முடிந்தது' என்று தன் நிலையைக் காட்டும். கர்னல் அதற்காகக் காத்திருக்கும். அங்கே கவுண்டரின் பெயர் 'அன்சேஃப் ஷட்டவுன்ஸ்'. ஸ்மார்ட்சிடிஎல் கொடுத்தால் தெரியும்.

அவசரத் தீர்ப்பு நம்மைப் போன்ற அமெச்சூர்கள் மட்டும் செய்யும் தப்பு இல்லை. 2015-இல் அல்கோலியா என்ற தேடல் சேவை நிறுவனத்தின் சர்வர்களில் கோப்புகளுக்கு நடுவே பூஜ்ஜியங்கள் முளைத்தன. அவர்கள் நன்றாகத்தான் துப்பறிந்தார்கள். ட்ரிம் கட்டளை வரை பிடித்துவிட்டார்கள். பழி சாம்சங் எஸ்எஸ்டி-கள் மேல் போனது. அடுத்த மாதம் சாம்சங் பொறியாளர்களே தோண்டி, பிழை லினக்ஸ் கர்னலின் ரெய்டு பகுதியில் இருப்பதைக் கண்டுபிடித்துத் திருத்தத்தையும் அனுப்பினார்கள். ட்ரிம் கோரிக்கையைத் துண்டு போடும் இடத்தில் கணக்குத் தப்பி, வேறு இடம் அழிந்திருக்கிறது. ட்ரிம்மே வேண்டாம் என்ற வதந்தி மட்டும் இன்றும் நடமாடுகிறது. வாரம் ஒரு முறை ஓடும் எஃப்எஸ்ட்ரிம் டைமரை நான் தொடுவதில்லை.

பழுதுபார்க்கும் கமாண்டுகள் பற்றி இரண்டு வரி. மவுண்ட் ஆகியிருக்கும் பார்ட்டிஷனில் எஃப்எஸ்சிகே ஓட்டச் சொல்லும் குறிப்பைக் கண்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். பிடிஆர்எஃப்எஸ்-இன் 'ரிப்பேர்' ஆப்ஷனை உருவாக்குநர் சொல்லாமல் தொடாதே என்று அதன் கையேடே சொல்கிறது. எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேரில் பெரிய 'எல்' போடுவது சிட்டையைக் கிழித்துப் போடுவது. எதைச் செய்வதற்கும் முன் டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிரைவையும் ஒரு இமேஜாக எடுங்கள். நான் எடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் 'எஸ்' போட்ட கை இது.

கிட் கோப்புகள் பூஜ்ஜியம் ஆனதற்கு நோபேரியர் மட்டும் காரணமில்லை என்பதையும் பிறகுதான் கண்டுகொண்டேன். தனித்தனி ஆப்ஜெக்ட் கோப்புகளை கிட் இயல்பாக எஃப்சிங்க் செய்வதில்லை. 2022-இல் வந்த 2.36 பதிப்பில் இதற்கென்று விரிவான அமைப்பு வந்தது. அதிலும் இவற்றை நாமேதான் சேர்க்கச் சொல்லவேண்டும். சேர்த்துவிட்டேன். கமிட் கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது.

இப்போது மாதம் ஒரு முறை அன்சேஃப் ஷட்டவுன் எண்ணைக் குறித்து வைக்கிறேன். நோபேரியரை எடுத்த அன்று 63. யூபிஎஸ் பேட்டரி செத்த வாரத்தில் 66 ஆனது. அந்த மூன்று முறையும் பெட்டி ஜர்னலைப் படித்துவிட்டுத் தானாக எழுந்தது. நேற்றுப் பார்த்தேன், 66.