ஒற்றைப் பொத்தான்

விருந்து முடிந்துவிட்டது. இளவரசர் நாற்காலியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருக்கிறார், முள்கரண்டியால். ஜேம்ஸ் கில்ரே செதுக்கி, ஹன்னா ஹம்ஃப்ரி 1792 ஜூலையில் லண்டனில் வெளியிட்ட அச்சோவியம் இது. இருப்பவர் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னர். அப்போது முப்பது வயதுகூட நிறையவில்லை.

முகத்தைக் கில்ரே கோரமாக்கவில்லை. செப்புத் தகட்டில் நுண்புள்ளிகளாகக் குத்திக் குத்தி, சதையின் மென்மையையும் கன்னத்தின் சிவப்பையும் குழைத்து எடுத்திருக்கிறார். சீமான்களின் உருவப்படங்களை அழகாக அச்சிட அந்நாளில் விரும்பிக் கையாண்ட முறை அது. முகத்துதிக்குப் பழகிய கைவினையையே கேலிக்குத் திருப்பினாரே, அந்தத் துணிச்சலுக்குத்தான் என் முதல் வணக்கம். கண் கீழே இறங்கினால் வயிறு. மேலாடையை ஒரே ஒரு பொத்தான் இழுத்துப் பிடித்திருக்கிறது. அது எப்போது தெறிக்குமோ என்று நமக்கே மூச்சு முட்டுகிறது.

ஆனால் படத்தின் உச்சம் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிறது. நிரம்பி வழியும் சிறுநீர்ச் சட்டி; அதன் அடியில் கோழிக்கடை, கசாப்புக்கடை, ரொட்டிக்கடைப் பாக்கிச் சீட்டுகள். விருந்துக்குக் கொடுத்தவர்களின் கணக்கு, அந்த விருந்து கடைசியில் என்னவாயிற்றோ அதற்குக் கீழே! ஐந்தாண்டுக்கு முன்புதான், 1787இல், இவருடைய கடனை அடைக்க நாடாளுமன்றம் 1,61,000 பவுண்டு கொடுத்திருந்தது. தரையில் பகடைகள், சூதாட்டக் கணக்கு. சாளரத்துக்கு வெளியே இன்னும் கட்டி முடியாத கார்ல்டன் மாளிகையின் தூண்கள். இளவரசருக்கு அருகில் மூலத்துக்கும் வாய்நாற்றத்துக்கும் மருந்து.

சுவரில் மாட்டியிருப்பவர் லூயிஜி கொர்னாரோ, அளவாக உண்டு நெடுநாள் வாழ்ந்த வெனிஸ்காரர். கையில் தண்ணீர்க் குவளை. அவரை அங்கே மாட்டிவைத்த குறும்பை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

அதே ஜூலைக் கடைசியில் இதன் ஜோடிப் படமும் வந்தது. அதில் தந்தை மூன்றாம் ஜார்ஜ், ஒட்டுப்போட்ட கால்சட்டையோடு அவித்த முட்டை சாப்பிடுகிறார். மகனின் ஊதாரித்தனத்தைச் சொன்ன கை அப்பனின் கஞ்சத்தனத்தையும் விடவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கில்ரேயின் நேர்மை முழுதாக விளங்கும்.

அந்த இளவரசரே கேலி அச்சோவியங்களை வாங்கிச் சேர்த்தவர். வின்ட்சர் அரண்மனையில் இருந்த அந்தப் பெருந்தொகுப்பை 1921இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் விலைக்கு வாங்கியது.