குப்பா யாருக்காக? தமிழகப் பள்ளிவாசல் கட்டடக் கலை: ஒரு மதிப்பீடு

திண்டுக்கல் நகரிலிருந்து பழனி, நத்தம், வத்தலக்குண்டு எனப் பிரிந்து செல்லும் சாலைகளில் பயணிப்போர் அண்மைக் காலத்தில் எழுந்த பள்ளிவாசல்கள் பலவற்றைக் காணலாம். அவற்றுள் பல ஒரே அச்சில் வார்த்தவை போன்றவை. முகப்பில் இரண்டு மினாராக்கள், நடுவே பச்சை அல்லது வெள்ளை வண்ணம் பூசிய குப்பா, உட்சுவரெங்கும் பளபளக்கும் டைல்ஸ். தமிழகத்தின் பல ஊர்களிலும் நிலை இதுவே. பழைய பள்ளி இடிக்கப்பட்டு இப்புதிய வடிவம் எழும்போது, இப்போதுதான் இது பள்ளிவாசல் போலத் தோன்றுகிறது என்று மகிழ்வோர் உளர். பள்ளிவாசல் போலத் தோன்றுதல் என்றால் என்ன? அத்தோற்றத்தை வரையறுத்தது மார்க்கமா, வரலாறா, வெறும் பழக்கமா? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் முன்னோர் விட்டுச்சென்ற கட்டடத்தின்மீது கடப்பாரை வைப்பது முறையன்று என்பது நம் கருத்து.

அல்லாஹ்வின் இல்லத்தை விரிவாக்கவும் அழகுபடுத்தவும் முனைவோரின் நன்னோக்கில் நமக்கு ஐயமில்லை. அவர்கள் கைக்கொண்டுள்ள அளவுகோல் சரியா என்பதே நம் ஆய்வுக்கு உரியது.

குப்பாவின் பிறப்பிடம்

குவிமாடம் இஸ்லாத்தோடு பிறந்த வடிவமன்று. அதனைப் பேருருவாக வளர்த்தெடுத்தவர்கள் ரோமானியர். சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைக் கலந்து அவர்கள் ஆக்கிய காரை, இரும்புக் கம்பியின் துணையின்றியே பெரும் பரப்புகளைக் கவிந்து நின்றது. பேரரசர் ஹட்ரியன் காலத்தில், கி.பி. 126 அளவில் நிறைவுற்ற ரோமாபுரியின் பாந்தியன் ஆலயம் அதற்குச் சான்று. அதன் குவிமாடத்தின் விட்டம் ஏறத்தாழ 43 மீட்டர். உச்சியிலுள்ள திறந்த வட்டத்தின் வழியே ஒளி இறங்கி, நாளின் போக்கிற்கேற்ப உட்சுவரில் நகர்ந்து செல்லும். வெளியே நின்று நோக்கினால் அக்குவிமாடம் தாழ்ந்த தட்டுப்போலவே தெரியும். உள்ளே நுழைந்தவனுக்கே அதன் பெருமை விளங்கும்.

இம்மரபின் அடுத்த சிகரம் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் 532 முதல் 537 வரை கான்ஸ்டான்டிநோபிளில் எழுப்பிய ஆயா சோஃபியா. அதன் குவிமாடம் 558இல் சரிந்து, மேலும் உயர்த்தப்பெற்று 562இல் மீண்டும் நிறைவுற்றது. அடிவிளிம்பைச் சுற்றிலும் அமைந்த 40 சாளரங்களிலிருந்து பாயும் ஒளியால், அம்மாடம் சுவரில் தங்காது வானத்திலிருந்து தொங்குவது போன்ற தோற்றம் பெற்றது. 1453க்குப் பின் பள்ளிவாசலாகி, 1930களில் அருங்காட்சியகமாக்கப்பட்டு, 2020 முதல் மீண்டும் தொழுகைக்குத் திறக்கப்பட்டுள்ள அக்கட்டடத்தை உதுமானியப் பெருங்கட்டடக் கலைஞர் சினான் துருவி ஆராய்ந்தார். எதிர்னே நகரில் 1575இல் நிறைவுற்ற சலீமிய்யாப் பள்ளியில், ஏறக்குறைய அதே அளவிலான குவிமாடத்தை எட்டுத் தூண்கள்மீது நிறுத்தினார். தொழுவோர் அனைவரும் ஒரே கூரையின்கீழ், பெருந்தடையின்றி அணிவகுத்து நிற்க வேண்டும் என்னும் தேவைக்கு அவர் கண்ட விடை அது.

பாந்தியன் முதல் சலீமிய்யா வரை குவிமாடம் உள்ளிடத்தின் தேவையால் பிறந்தது. உள்ளே இருப்போருக்காக எழுந்தது. வெளித்தோற்றம் அதன் விளைவாக வந்து சேர்ந்தது.

பேரீச்சந் தூண்களிலிருந்து குர்துபா வரை

குப்பா இல்லையேல் பள்ளிவாசல் இல்லை என்போர், பள்ளிவாசல்களின் தாயகங்களுள் ஒன்றான மதீனாவை நினைவிற்கொள்ள வேண்டும். நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளி, பச்சைச் செங்கற் சுவரும், பேரீச்ச மரத்தண்டுகளாலான தூண்களும், பேரீச்ச மட்டைக் கூரையும் கொண்டிருந்ததை இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹுல் புகாரியில் தெரிவிக்கிறது. உஸ்மான் (ரலி) அவர்கள் அதனை விரிவாக்கியபோது செதுக்கிய கல்லையும் சுண்ணச் சாந்தையும் பயன்படுத்தி, கூரைக்கு 'ஸாஜ்' மரத்தை இட்டார்கள் என்றும் அதே அறிவிப்புக் கூறுகிறது. ஸாஜ் என்பது தேக்கு. அரபு மண்ணில் விளையாத அம்மரம் கடல்வழி சென்ற இந்தியச் சரக்கு. நபியவர்களின் பள்ளிக்கே அந்நிய நிலத்து மரம் கூரையாகியிருக்கிறது. அதனைக் குறையென எவரும் கருதியதில்லை.

உமய்யாக்களின் ஆட்சி ரோமானிய நிலப்பரப்பின் பெரும்பகுதியைத் தன்னகப்படுத்தியபோது, அந்நிலத்தின் கைவினையும் உடன் வந்தது. கலீஃபா வலீத் 706 முதல் 715 வரை எழுப்பிய திமிஷ்கு உமய்யாப் பள்ளி, ரோமானியரின் ஜூபிடர் ஆலய வளாகத்தின் எல்லைச் சுவருக்குள் அமைந்தது. அதன் சுவர்களை அழகுபடுத்திய வண்ணச் சில்லுப் பதிப்பில் மரங்களும் ஆறுகளும் மாளிகைகளும் உண்டு. மனித உருவமோ விலங்குருவமோ இல்லை. கைத்திறன் பைசாந்தியருடையது, எதைத் தீட்டுவது, எதை விலக்குவது என்ற தேர்வு முஸ்லிம்களுடையது. இவ்வேற்பு மொழியிலும் தடம் பதித்துள்ளது. அச்சில்லுப் பதிப்பைக் குறிக்கும் 'ஃபுஸைஃபிஸா' கிரேக்க வழி வந்த சொல். மாளிகையைக் குறிக்கும் 'கஸ்ர்' என்பது கோட்டையைச் சுட்டும் இலத்தீன் சொல்லின் வழித்தோன்றல் என்பர் மொழியறிஞர். வந்த சொல் அரபு இலக்கணத்துக்கு அடங்கி அரபுச் சொல்லானது போலவே, வந்த வடிவமும் தொழுகையின் ஒழுங்குக்கு அடங்கி இஸ்லாமிய வடிவமாயிற்று.

ஸ்பெயினின் குர்துபாப் பள்ளியில் இதனை இன்னும் தெளிவாகக் காணலாம். முதலாம் அப்துர் ரஹ்மான் 785 அளவில் அதனைத் தொடங்கியபோது, பழைய ரோமானிய, விசிகோத்தியக் கட்டடங்களின் தூண்கள் பல அதற்குப் பயன்பட்டன. அவை குட்டையானவை. கூரையை உயர்த்தும் பொருட்டு ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டை வளைவுகளை அமைத்து, செங்கல்லையும் வெண்கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கினர். ரோமானியர் மெரிதா நகரில் கட்டிய நீர்ப்பாலத்திலும் இத்தகைய அடுக்கு வளைவுகளும் கல்லும் செங்கல்லும் மாறிவரும் கட்டும் உண்டு. இங்குத் தொழுகைக் கூடத்தின் பேரழகு குப்பாவில் இல்லை. காடுபோல் விரியும் தூண் வரிசைகளில் இருக்கிறது. மதீனாவின் பேரீச்சந் தோப்பு கல்லாகி நிற்பதுபோன்ற காட்சி அது.

நம் கல்லுப்பள்ளிகள்

இந்தப் பின்னணியில் நம் நிலத்துக்கு வருவோம். ரோமானியரின் பொன் தமிழகத்துக்கு வந்தது. பழனிப் பகுதியிலும் அவர்களுடைய பொற்காசுகள் கிடைத்துள்ளன. ஆயினும் அவர்களுடைய வளைவு இங்கு வேரூன்றவில்லை. கருங்கல்லுக்குப் பஞ்சமில்லாத நிலத்தில், தூண் நிறுத்தி, போதிகை வைத்து, உத்தரம் ஏற்றி, கற்பலகை பரப்பும் மரபு முழுமை பெற்றிருந்தது. கல் உத்தரம் ஓரளவுக்குமேல் நீண்டால் தன் பாரத்தாலேயே முறியும். ஆதலால் தூண்கள் நெருங்கி நின்றன. அதுவே மண்டபம் என்னும் வடிவம்.

அரபு வணிகர்களும் அவர்களுடைய தமிழ் வழித்தோன்றல்களும் இவ்வடிவத்தையே தொழுகைக்கு உரியதாக்கிக் கொண்டனர். திருச்சி கோட்டை இரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள, ஹிஜ்ரி 116 என்னும் ஆண்டோடு தொடர்புபடுத்தப்படும் சிறு கல்லுப்பள்ளி, காயல்பட்டினத்துப் பெரிய குத்பாப் பள்ளி, வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் 17ஆம் நூற்றாண்டுக் கீழக்கரை ஜும்ஆப் பள்ளி ஆகியன இம்மரபின் சான்றுகள். கீழக்கரைப் பள்ளியின் தூண்களைச் செதுக்கியவர்கள் கோயில் தூண்களைச் செதுக்கிய அதே சிற்ப மரபினர். சதுரமும் எண்கோணப் பட்டையும் பூப்போதிகையும் அப்படியே உள. யாளி, தெய்வ உருவம் ஆகியன இருக்க வேண்டிய இடங்களில் தாமரையும் கொடியும் வடிவியல் கோலமும் அமர்ந்தன. திமிஷ்கில் நிகழ்ந்த அதே தேர்வு கீழக்கரையிலும் நிகழ்ந்திருக்கிறது. 'பள்ளி' என்னும் சொல்லே சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்து வழங்கிய தமிழ்ச்சொல் என்பது ஈண்டு நினையத்தக்கது. சொல்லை ஏற்ற சமுதாயம் தூணையும் ஏற்றது.

ஆகவே, கல்லுப்பள்ளிகளைக் கோயில் சாயல் கொண்டவை என்று கூச்சத்தோடு நோக்குவோர் வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கின்றனர். தூண் வரிசைகளின்மேல் தட்டைக் கூரை தாங்கிய இப்பள்ளிகள், வடிவால் மதீனாவின் முதல் பள்ளிக்கு நெருங்கியவை. பைசாந்தியத் தேவாலயத்தின் வழி வந்த குப்பாவைவிட அவை எவ்வகையிலும் இஸ்லாத்துக்கு அயலானவை அல்ல.

நாயக்கர் மகாலும் பேகம்பூரும்

வடிவங்கள் சமய எல்லைக்குள் அடங்குவதில்லை என்பதற்கு மறுபக்கச் சான்றும் அண்மையிலேயே உண்டு. மதுரையில் 1636இல் திருமலை நாயக்கர் எழுப்பிய அரண்மனையில், செங்கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் அமைந்த பெருந்தூண்களும், இதழ் வளைவுகளும், குவிமாடங்களும் உள. மீனாட்சியம்மன் கோயிலுக்கு மண்டபம் கட்டிய மன்னர், தம் அரியணைக் கூடத்துக்குத் தக்காணச் சுல்தான்களின் வளைவையும் மாடத்தையும் விரும்பினார். அந்நூற்றாண்டிலேயே கீழக்கரை முஸ்லிம்கள் மண்டபத் தூண்களுக்கிடையே தொழுதனர். இரு சாராரும் தம் அடையாளத்தை இழக்கவில்லை.

திண்டுக்கல்லில் இவ்விரு மரபுகளும் ஒரே நகரில் சந்திக்கின்றன. மதுரை நாயக்கர்கள் அரண் செய்த மலைக்கோட்டை ஒருபுறம். 1755இல் மைசூரின் ஃபவ்ஜுதாராக இங்கு வந்த ஹைதர் அலீயின் காலத்தோடு தொடர்புடைய பேகம்பூர்ப் பெரிய பள்ளிவாசல் மறுபுறம். ஹைதரின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அவ்வளாகத்தில் அடங்கியிருப்பதால் அப்பகுதி பேகம்பூர் எனப் பெயர் பெற்றது என்பது ஊர் வழக்கு. ஆகவே, திண்டுக்கல் முஸ்லிம்களுக்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் செல்ல வேண்டிய தேவையில்லை. கல்லின் மரபும் சுண்ணத்தின் மரபும் கண்முன்னே நிற்கின்றன.

இன்றைய கட்டடங்கள்

இனி, புதிய பள்ளிகளை அவற்றுக்குரிய அளவுகோலால் மதிப்பிடுவோம். குப்பா உள்ளிடத்துக்காகப் பிறந்தது என்று கண்டோம். இன்றைய பள்ளிகள் பலவற்றில் அது தட்டையான கான்கிரீட் தளத்தின்மேல் தனியே வார்த்து வைக்கப்படுகிறது. கீழே நின்று தொழுபவர் அண்ணாந்து நோக்கினால் தெரிவது வெறும் தளமும் மின்விசிறியும்தான். ஒளியோ காற்றோ உயரமோ அக்குப்பாவால் அவருக்குக் கிடைப்பதில்லை. சாலையில் செல்வோருக்கு அது ஓர் அறிவிப்புப் பலகை. தொழுவோரின் காணிக்கை, தொழாமல் கடந்து செல்வோரின் பார்வைக்குச் செலவாகிறது.

குப்பா உள்ளே திறந்திருக்கும் இடங்களில் வேறொரு குறை நேர்கிறது. வளைந்த பரப்பு ஒலியைக் குவித்துத் திருப்புவதால் இமாமின் ஓதல் குழம்புகிறது. அதனை ஈடுகட்ட ஒலிபெருக்கியைக் கூட்ட, குழப்பம் மிகுகிறது. இதனை உணர்ந்தே சினான், இஸ்தன்பூல் சுலைமானிய்யாப் பள்ளியின் மாடத்தில் ஒலியைச் சீராக்கும் மண்கலங்களைப் பதித்தார். வடிவத்தை இரவல் பெற்ற நாம், அவ்வடிவத்தோடு வந்த அறிவை இரவல் பெறவில்லை.

வெப்பத்தையும் எண்ண வேண்டும். கற்பலகைமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டிய பழைய தளம், நண்பகல் வெயிலை உடனே உள்ளே விடாது. மெல்லிய கான்கிரீட் தளமோ லுஹருக்கே கொதித்து, இஷா வரை ஆறாமல் இருக்கிறது. திண்டுக்கல் சமவெளியின் கோடையில் குளிர்சாதனமின்றித் தொழ இயலாத பள்ளியைக் கட்டிவிட்டு, அதன் மின்கட்டணத்துக்கு மாதந்தோறும் வசூல் செய்வதை வளர்ச்சி என்று கூற நமக்கு மனம் வரவில்லை.

மறுதரப்பின் வாதங்களும் புறக்கணிக்கத் தக்கவை அல்ல. மஹல்லாக்கள் பெருகிவிட்டன, ஜும்ஆவில் தெருவில் நின்று தொழும் நிலை பல ஊர்களில் உள்ளது, பெண்களுக்கு இடம் வேண்டும், நெருங்கிய தூண்கள் ஸஃபுகளைத் துண்டிக்கின்றன. தூண்களுக்கிடையே அணி நிற்பதை நபித்தோழர்கள் தவிர்த்து வந்ததாக அனஸ் (ரலி) அவர்கள் வழியான அறிவிப்பு உண்டு. ஆயினும் இட நெருக்கடி உள்ளபோது அதில் தடையில்லை என்று அறிஞர் பலர் தெளிவுபடுத்தியுள்ளனர். விரிவாக்கம் தேவை என்பது உண்மை. அதற்கு இடிப்பு ஒன்றே வழி என்பதை நாம் ஏற்கவில்லை.

இதற்கும் குர்துபாவே வழிகாட்டும். 785இல் எழுந்த கூடத்தை இரண்டாம் அப்துர் ரஹ்மான் 9ஆம் நூற்றாண்டிலும், இரண்டாம் ஹகமும் அல்மன்ஸூரும் 10ஆம் நூற்றாண்டிலும் விரிவாக்கினர். மூவரும் பழைய கூடத்தை நிலைநிறுத்தி, அதே தூண் ஒழுங்கைத் தென்புறமும் கீழ்ப்புறமும் நீட்டினர். அதே கட்டடத்தின் நடுவே 16ஆம் நூற்றாண்டில் கிறித்தவத் தலைமையினர் தூண்களை அகற்றித் தேவாலயம் ஒன்றை எழுப்பினர். அதற்கு அனுமதி அளித்திருந்த பேரரசர் ஐந்தாம் சார்லஸ் நேரில் கண்டபோது, எங்கும் கட்டத்தக்க ஒன்றுக்காக எங்கும் இல்லாத ஒன்றைச் சிதைத்துவிட்டீர்கள் என்ற கருத்துப்பட வருந்தியதாகக் கூறுவர். அவ்வருத்தம் நம் ஜமாஅத்துகளுக்கு நேர வேண்டாம்.

ஆகவே, பழைய பள்ளியைப் புதுப்பிக்க முனையும் முத்தவல்லிகளும் நிர்வாகிகளும் சிலவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறோம். முதலாவதாக, எதனையும் அகற்றுமுன் தூண்கள், கல்வெட்டுகள், மிஹ்ராப், ஹவுது ஆகியவற்றை அளந்து, படம் எடுத்து, எழுதி வைக்க வேண்டும். அடுத்து, பழைய தொழுகைக் கூடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கங்களிலோ பின்புறத்திலோ விரிவாக்க இடமுண்டா என்று பொறியாளரிடம் கேட்க வேண்டும். பழுதுபட்ட சுண்ணச்சுவரைச் சிமென்டால் பூசாமல், சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரைக் கொண்டு சீர்செய்ய வேண்டும். புதிதாகக் கட்டுவோர், உள்ளே நிற்பவருக்கு ஒளியும் காற்றும் அமைதியும் தருவது எது என்பதை முதலில் தீர்மானித்து, முகப்பைப் பற்றிப் பின்னர் சிந்திக்கட்டும்.

வக்ஃபுச் சொத்து என்பது நிலமும் வாடகையும் மட்டுமன்று. அக்கல்லைச் செதுக்கியவனின் உழைப்பும், அதனைக் கொடுத்தவனின் நிய்யத்தும், அதன்கீழ் நெற்றி பதித்த தலைமுறைகளின் நினைவும் அந்த அமானிதத்துள் அடங்கும். அதனை அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்கும் பொறுப்பு நம்மைச் சார்ந்தது. அல்லாஹ் அதற்குரிய தெளிவை நமக்கு நல்குவானாக.